தொட்டதற்கு ஒரு பதில்

உதவி செய்தவர்களுக்கு நன்றி சொல்வதுதான் உலக வழக்கம். நான் நன்றி சொல்ல வந்திருப்பதோ, பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டு எனக்காக ஒரு துரும்பைக்கூடக் கிள்ளிப் போடாத ஒரு பெண்ணுக்கு. அன்றைக்கு அவள்மேல் எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. எனக்குக் கோபம் மூக்குக்கு மேலேயே இருக்கும் என்று எங்கள் வீட்டுக்காரர் சொல்வார். அது உண்மைதான், ஆனால் அவர் சொல்லும்போது ஒப்புக்கொள்ள மாட்டேன்.

நான் லாண்டரியில் இஸ்திரி போடுகிறவள். கடையின் முன்பக்கம் துணி வாங்கும் கவுண்டர். பின்பக்கம் எங்கள் ராஜ்ஜியம். துவைக்கும் மெஷின்கள், உலர்த்தும் மெஷின், ஜன்னலோரமாக என் நீராவி மேஜை. சட்டையை விரித்து, மேல் பலகையை இறக்கி, அழுத்திப் பிடிக்க வேண்டும். உஸ்ஸென்று ஆவி வந்தால் மடிப்பு படிந்துவிட்டது என்று அர்த்தம். வரவில்லையா, இன்னும் அழுத்த வேண்டும். இத்தனை வருஷத்தில் என் கை கற்றுக்கொண்ட நியாயம் இது ஒன்றுதான்.

எனக்கு ஒரே அக்கா. ரயிலில் ஒரு ராத்திரிப் பயண தூரத்தில், மகள் வீட்டில் இருக்கிறாள். அவள் நன்றாக இருந்த காலத்தில் நான் அவளைக் கூப்பிட்டதே கிடையாது. அவள் விட்டால்தானே. சாயங்காலம் நான் வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் ஃபோன் அடிக்கும். எடுத்ததும் சாப்பிட்டாயா என்பாள். இந்நேரத்துக்கு எவள் சாப்பிடுவாள் என்று நான் எரிந்து விழுவேன். எங்கள் இரண்டு பேருக்கும் அதுதான் கொஞ்சல்.

போன வருஷம் அவளுக்குப் பக்கவாதம் வந்தது. வலது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சும் போனது. சொல்வதெல்லாம் அவளுக்குப் புரியும், யாரையாவது கேலி செய்தால் ஒரு பக்க உதட்டால் சிரிப்பாள், ஆனால் ஒரு வார்த்தை வராது. சாதாரண ஃபோனில் அவளிடம் பேசினால், அந்தப் பக்கம் ஆள் இருக்கிறதா இல்லையா என்றே தெரியாது. நான் பேசிப் பேசி ஓய்ந்து, கடைசியில் அழுதுவிட்டு வைப்பேன். அவளும் அங்கே அழுவாளாம்.

என் மகன் இதைப் பார்த்துவிட்டு ஒரே மாதிரி இரண்டு பெரிய ஃபோன் வாங்கினான். ஒன்றைப் பெரியம்மாவுக்கு அனுப்பினான், ஒன்றை என் கையில் கொடுத்தான். என் ஃபோனின் முகப்பில் அக்காவின் படத்தை வைத்து, இதைத் தொட்டால் பெரியம்மா வீடியோவில் வந்துவிடுவார்கள் என்றான். தங்கமான பிள்ளை. பொறுமை மட்டும் என்னிடமிருந்து போயிருக்கிறது.

தொட்டேன். அக்கா வரவில்லை. சரி, பதியவில்லை போலிருக்கிறது என்று அழுத்தினேன். படம் நடுங்க ஆரம்பித்தது. அதன் மூலையில் ஒரு பெருக்கல் குறி முளைத்தது. ஐயையோ, ஏதோ தப்பாகிவிட்டது, மூடிவிடுவோம் என்று அந்தக் குறியைத் தொட்டேன். அக்கா காணாமல் போனாள். படம் இருந்த இடம் வெறும் நீலமாக இருந்தது.

மகன் ஓடி வந்து ஃபோனைப் பிடுங்கினான். அவன் விரல் எங்கெங்கோ போய் வந்தது. அக்கா பழையபடி முகப்பில் உட்கார்ந்திருந்தாள். "இதோ பாருங்கம்மா, இவ்வளவுதான்" என்றான்.

அந்த ‘இவ்வளவுதான்’ இருக்கிறதே, அதைக் கேட்டால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும். எனக்கு ஃபோன் சொல்லிக் கொடுத்தவர்கள் எத்தனையோ பேர். மகன், கடை முதலாளி, கவுண்டரில் துணி வாங்குகிறவள், பக்கத்து வீட்டுக்காரி. அத்தனை பேரும் ஒரே பாடத்தைத்தான் நடத்தினார்கள். ஃபோனை என் கையிலிருந்து பிடுங்குவார்கள், மின்னல் மாதிரி ஏதோ செய்வார்கள், இவ்வளவுதான் என்று திருப்பிக் கொடுப்பார்கள். என் விரல் என்ன செய்கிறது என்று பார்த்தவர் ஒருவரும் இல்லை. எங்கள் வீட்டுக்காரர் மட்டும் சொல்லிக் கொடுக்க வரவில்லை. அவர் ஒரு பள்ளிக்கூடத்தில் இரவுக் காவல் பார்க்கிறார். சாயங்காலம் அக்காவோடு பேசும் நேரத்துக்கு அவர் வேலைக்குக் கிளம்பிவிடுவார். கையில் பட்டன் ஃபோன், முகத்தில் இந்த வம்பெல்லாம் எனக்கு வேண்டாம் என்கிற பெருமை.

அங்கே அக்காவின் கதையும் இதேதான். அவளுக்கு இடது கை வேலை செய்கிறது, ஆனால் நிதானமாகத்தான் வரும். என் படத்தைத் தொட வேண்டும் என்று விரலை வைத்தால், எடுக்க நேரமாகும். அதற்குள் படம் நடுங்கி, குறி முளைத்து, விரல் அதன்மேல் பட்டு, நான் மறைந்துவிடுவேனாம். அதே ஃபோனில் மகள் தன் வேலைக்கென்று வைத்திருந்ததெல்லாம்கூடச் சில தடவை சேர்ந்து மறைந்துவிட்டது. அக்கா மகள் ஃபோனை எட்டாத உயரத்தில் அலமாரி மேலே வைத்துவிட்டாள். அவளைச் சொல்லிக் குற்றமில்லை. வேலைக்கும் போய், வீட்டையும் பார்த்து, அம்மாவையும் தூக்கிக் குளிப்பாட்டுகிறவள் அவள். நான் கூப்பிட்டால் எடுத்துக்கொண்டுபோய் அம்மா முன்னால் பிடிப்பாள். நான் கூப்பிடாத நாளில் அவளுக்கு அது ஞாபகமும் இருக்காது. எப்படி இருக்கும்?

ஆக, என் அக்காவின் முகம் எனக்குத் தெரிவதெல்லாம் மகனின் விரலால்தான். அந்த மகனுக்குத்தான் கப்பலில் வேலை கிடைத்தது. சமையலறை உதவியாளன். மாதக்கணக்கில் கடலில் இருப்பான், கரைக்கு வரும்போதுதான் பேச முடியும் என்றான். எனக்குச் சந்தோஷம், பெருமை எல்லாம் இருந்தது. அதோடு ஒரு பயமும் வந்து உட்கார்ந்துகொண்டது. இவன் போய்விட்டால் நான் எப்படி அக்காவைப் பார்ப்பேன்?

அவன் கிளம்புவதற்குள் கற்றுக்கொண்டுவிடுவது என்று கங்கணம் கட்டிக்கொண்டேன். மதியம் கவுண்டர்காரி சாப்பிடப் போனால் அவள் இடத்தில் நான் நிற்பேன், அப்போதெல்லாம் ஃபோனும் கையுமாகத்தான் இருந்தேன். அப்படி ஒருநாள் அக்காவை மறுபடியும் மறையச் செய்துவிட்டு, அந்த ஃபோனை வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டிருந்தபோது, கவுண்டருக்கு அந்தப் பக்கம் ஒரு பெண் துணிப்பையோடு நின்றுகொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாள் என்று தெரியாது. எதிர்க் கட்டடத்தின் மாடியில், என் ஃபோனைத் தயாரிக்கிற கம்பெனியின் ஆபீஸ் இருக்கிறது. அங்கே வேலை செய்கிறவள். அவள் சட்டைகளை நான் தேய்த்திருக்கிறேன், ஆளை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

மற்றவர்களைப் போல ஃபோனுக்குக் கையை நீட்டவில்லை. "அம்மா, இப்ப செஞ்சீங்களே, இதையே எங்க ஆபீஸுக்கு வந்து ஒரு தடவை செய்வீங்களா?" என்று கேட்டாள்.

"எதை, திட்டுறதையா?"

"திட்டுறதையும்தான்."

என்னைக் கேலி செய்கிறாளோ என்று முகத்தைப் பார்த்தேன். அப்படித் தெரியவில்லை. ஃபோனில் எது எது மனுஷர்களைச் சிரமப்படுத்துகிறது என்று கண்டுபிடிப்பதுதான் தன் வேலை என்றாள். சாதாரணமாக ஃபோன் பயன்படுத்துகிற ஆட்களை அழைத்து, பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பார்களாம். சும்மா பார்ப்பதற்கு ஒரு சம்பளமா என்று நினைத்தேன். ஆனால் ஃபோனைத் தயாரிக்கிற இடத்துக்கே போனால் ஃபோனைச் சொல்லிக்கொடுக்காமலா விடுவார்கள் என்ற ஆசையில் ஒப்புக்கொண்டேன்.

என் அரை நாள் விடுமுறையில் போனேன். சின்ன அறை. ஒரு மேஜை, இரண்டு நாற்காலி. மேஜைக்கு நேர் மேலே ஒரு கேமரா, என் கைகளை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தது. ஒரு பக்கச் சுவர் முழுக்கக் கண்ணாடி. அதற்குப் பின்னால் ஃபோனை வடிவமைக்கிற சிலர் உட்கார்ந்து பார்க்கிறார்கள், உங்களுக்குச் சம்மதமா என்று கேட்டாள். கல்யாணத்துக்குப் பெண் பார்க்க வந்தபோதே என்னை யாரும் இவ்வளவு அக்கறையாகப் பார்க்கவில்லை, பார்த்துவிட்டுப் போகட்டும் என்றேன். கண்ணாடிக்குப் பின்னால் யாரோ சிரித்தது கேட்டது.

அவள் இரண்டு விஷயம் சொன்னாள். மனதில் என்ன ஓடுகிறதோ அதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும் என்பது ஒன்று. வாயை மூடு என்றே கேட்டு வளர்ந்தவள் நான். பேசிக்கொண்டே இரு என்று கேட்டுக்கொண்ட முதல் ஆள் இவள்தான். இரண்டாவதாகச் சொன்னாள்:

"நாங்க உங்களைச் சோதிக்கலம்மா. ஃபோனைத்தான் சோதிக்கிறோம். நீங்க மாட்டிக்கிட்டா அது ஃபோனோட தப்பு."

ஊசி போடுகிறவர்கள்கூட வலிக்காது என்றுதான் சொல்வார்கள். நான் தலையை ஆட்டிவைத்தேன்.

என் ஃபோன் மாதிரியே ஒரு ஃபோனைக் கொடுத்தாள். முகப்பில் யார் யார் படமோ இருந்தது. இவர்களில் சிவப்புச் சட்டை போட்டவரை வீடியோவில் கூப்பிடுங்கள் என்றாள். சொல்லிவிட்டு அவள் செய்ததுதான் வேடிக்கை. இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து, தன் கைமேலேயே உட்கார்ந்துகொண்டாள்.

தொட்டேன். ஒன்றும் நடக்கவில்லை. அதைச் சொன்னேன். இன்னும் அழுத்தினேன். படம் நடுங்கியது. குளிர் ஜுரம் வந்துவிட்டது இதுக்கு என்று சொன்னேன். பெருக்கல் குறி வந்தது. மூடிவிடுவோம் என்று சொல்லித் தொட்டேன். சிவப்புச் சட்டைக்காரர் மறைந்தார். மன்னித்துக்கொள் என்று அவளைப் பார்த்தேன். அடுத்ததாக, இப்போது ஒரு அழைப்பு வரும், எடுங்கள் என்றாள். வந்தது. பச்சை வட்டத்தை அழுத்தினேன், அழுத்திக்கொண்டே இருந்தேன், அது அடித்து ஓய்ந்துவிட்டது. அது அழுத்துவதற்கு இல்லை, இழுப்பதற்கு என்று பிற்பாடுதான் தெரிந்தது. மறுபடி மன்னிப்புக் கேட்டேன். மறைந்த படத்தைத் திரும்பக் கொண்டுவாருங்கள் என்றாள். எங்கே போய்த் தேடுவது? ஃபோனுக்குள் ஒவ்வொரு கதவாகத் திறந்து பார்த்தேன். எந்தக் கதவு வழியாக வந்தேன் என்பதும் மறந்துபோனது.

எனக்கு உடம்பெல்லாம் வியர்த்தது. அவளைப் பார்த்தால் அவள் என் விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். கைகள் அப்படியே தொடைக்கு அடியில் இருந்தன. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"ஏம்மா, இவ்வளவு கஷ்டப்படுறேன், பார்த்துக்கிட்டே இருக்கியே. உனக்குத் தெரியும்தானே? சொல்லித்தான் தொலையேன்."

அவள் முகம் சிவந்துவிட்டது. இந்த இடத்தில் நீங்கள் என்ன எதிர்பார்த்தீர்கள் என்று மட்டும் கேட்டாள்.

என்ன எதிர்பார்த்தேன்? இத்தனை பேர் எனக்குப் பாடம் எடுத்தார்களே, ஒருவராவது இதைக் கேட்டார்களா? எனக்குக் கண் நிறைந்துவிட்டது. தொட்டால் தொட்டேன் என்று அது சொல்ல வேண்டாமா, ஒரு சத்தம், ஒரு அசைவு, ஏதாவது ஒன்று வேண்டாமா என்றேன். பதிலே சொல்லாமல் இருந்துவிட்டு, நான் அழுத்தினதும் நடுங்கினால் எனக்கு என்ன புரியும்? போன வாரமும் இப்படித்தான் என் அக்காவை அழித்தேன் என்றேன். பிறகு அக்காவைப் பற்றி எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். பேச்சு போனது, ஃபோன் அலமாரி மேல் ஏறியது, மகன் கப்பலுக்குப் போவது எல்லாம். வாய்விட்டுச் சொல்லச் சொன்னவள் அவள்தானே.

சோதனை முடிந்தது என்று சொல்லி, அவள் கேமராவை அணைத்தாள். பிறகுதான் கைகளை வெளியே எடுத்தாள். நாற்காலியின் பின்னல் அச்சு இரண்டு உள்ளங்கையிலும் பதிந்திருந்தது.

"நான் கைமேல உட்காரலேன்னா என் கை தானா உங்க ஃபோனுக்கு வந்துடும்மா" என்றாள். "வந்துட்டா நீங்க எங்க மாட்டிக்கிறீங்கன்னு கடைசி வரைக்கும் யாருக்கும் தெரியாது. உங்களுக்கு மட்டும் ஒரு தடவை சரியாயிடும், அவ்வளவுதான்."

அந்த ‘அவ்வளவுதான்’ எனக்குக் கசக்கவில்லை.

என் விரல்களைப் பார்க்கலாமா என்று கேட்டாள். கேட்டுவிட்டுத்தான் பிடித்தாள். வருஷக்கணக்காகச் சூட்டிலும் துணியிலும் தேய்ந்து, என் விரல் நுனிகள் காய்ந்து, வழவழவென்று கெட்டியாகிக் கிடந்தன. இந்தத் திரைக்கு இப்படிப்பட்ட விரல் லேசாகத் தொட்டால் தெரியாது என்று விளக்கினாள். தொட்டது அதற்குத் தெரியவில்லை, தெரியவில்லை என்று அது உங்களிடம் சொல்லவும் இல்லை. நீங்கள் நியாயமாக அழுத்தினீர்கள். அழுத்திப் பிடித்தால் படத்தை இடம் மாற்றவோ எடுக்கவோ ஆசைப்படுகிறீர்கள் என்று அது எடுத்துக்கொண்டது. ஒரே விரல், ஒரே இடம், கொஞ்சம் நேரம் கூடினால் வேறு வேலை என்று நாங்கள் வைத்தது தப்பு. எடுத்துவிட்டால் திரும்ப வைக்க வழி காட்டாதது அதைவிடப் பெரிய தப்பு. இப்படி ஒவ்வொன்றாகச் சொன்னாள். இதற்கெல்லாம் அவர்கள் படிப்பில் பெரிய பெரிய பெயர்கள் இருக்கின்றனவாம். எனக்குப் பெயர்கள் வேண்டியிருக்கவில்லை. நான் மக்கு இல்லை என்று ஒருத்தி காரணத்தோடு சொன்னதே எனக்கு வயிற்றில் பால் வார்த்தது.

அப்படியானால் இப்போதே மாற்றிக் கொடு என்று ஃபோனை நீட்டினேன். அவள் பொய் சொல்லவில்லை. இதை என்னால் இங்கே மாற்ற முடியாது, ஃபோனுக்குள்ளேயே மாற்ற வேண்டும், எழுதிக் கொடுப்பேன், சண்டை போடுவேன், எப்போது வரும் என்று வாக்குக் கொடுக்க மாட்டேன் என்றாள். அதுவரைக்கும் விரல் நுனியை லேசாக ஈரப்படுத்திக்கொண்டு தொட்டுப் பாருங்கள் என்றாள். துணிக்குத் தண்ணீர் தெளிக்கிறவளுக்கு ஈரத்துக்கா பஞ்சம்?

மகன் கிளம்பிப் போனான். வழியனுப்பிவிட்டு வந்த சாயங்காலம் வீடு வெறிச்சென்று இருந்தது. ஒரு கிண்ணத்தில் நனைந்த பஞ்சை வைத்துக்கொண்டு, விரலை ஒற்றி, மூச்சைப் பிடித்துக்கொண்டு அக்காவைத் தொட்டேன். முதல் தடவை ஒன்றும் இல்லை. அழுத்தாதே, அழுத்தாதே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு மறுபடி ஒற்றித் தொட்டேன். அக்கா மகள் எடுத்தாள். "யாரு சித்தி போட்டுக் கொடுத்தாங்க?" என்று கேட்டாள். நானேதான் என்றேன். அவள் கொண்டுபோய் அம்மாவிடம் காட்டினாள். அக்கா ஒரு பக்க உதட்டால் சிரித்தாள்.

அதற்காக எல்லா நாளும் பலித்தது என்று சொல்ல மாட்டேன். ஈரம் கூடினால் படம் கன்னாபின்னாவென்று ஓடும். குறைந்தால் பழைய நடுக்கம்தான். அழித்துவிட்ட நாட்களில், மறுநாள் கவுண்டரில் யாரிடமாவது கொடுத்துப் படத்தைத் திரும்ப வைத்துக்கொள்வேன். ஆனால் ஒன்று மாறிவிட்டது. நான் யாரிடமும் மன்னிப்புக் கேட்பதை விட்டுவிட்டேன். இது ஃபோனுடைய தப்பு என்று ராஜா மாதிரி நீட்டுவேன். இப்படி ஒரு திமிர் எப்போது வந்தது என்று கவுண்டர்காரி கேட்டாள். எதிர்க் கட்டடத்திலிருந்து வந்தது என்றேன்.

அந்தப் பெண் வாராவாரம் துணி கொடுக்க வருவாள். சண்டை எப்படிப் போகிறது என்று கேட்பேன். போகிறது என்பாள். படங்களை நடுங்க வைத்த ஆளே அன்றைக்குக் கண்ணாடிக்குப் பின்னால் இருந்தாராம். அழகாக இருக்கும், பிடித்த இடத்தில் மாற்றி வைத்துக்கொள்ளலாம் என்று அவர் ஆசையாகச் செய்ததாம் அது. நான் அக்காவை அழித்தேன் என்று சொன்னதும் எழுந்து நின்றவர், அப்புறம் உட்காரவே இல்லையாம். இப்போது அவளைவிட அவர்தான் அதிகமாகச் சண்டை போடுகிறார் என்றாள். மேலே இருக்கிறவர்கள், இத்தனை பேர் பயன்படுத்துகிறார்கள், யாரும் புகார் சொல்லவில்லையே என்கிறார்களாம். எப்படிச் சொல்வார்கள்? நான்கூடத்தான் சொல்லவில்லை. தப்பு என்மேல் என்றல்லவா நினைத்துக்கொண்டிருந்தேன்.

அவள் சட்டைகளுக்கு நான் தனிக் கவனம் எடுத்துக்கொண்டேன். காலர் விறைப்பாக நிற்கும், கைமடிப்பு கத்தி மாதிரி இருக்கும். சண்டைக்குப் போகிறவள் கசங்கிப்போய்ப் போகக் கூடாது. என்னால் ஆன உதவி அதுதான்.

மழைக்காலம் முடிகிற சமயம். ஒரு காலையில் ஃபோனை சார்ஜிலிருந்து எடுத்தால், புதுப்பிக்கப்பட்டது என்று போட்டிருந்தது. அப்படி அது அடிக்கடி ஏதாவது சொல்லும், நான் காதில் போட்டுக்கொள்வதில்லை. சாயங்காலம் பஞ்சை ஒற்றிக்கொண்டு அக்காவைத் தொட்டேன். விரலுக்கு அடியில் டிக்கென்று ஒரு சின்னத் துடிப்பு. படமும் தலையணை மாதிரி கொஞ்சம் உள்ளே அமுங்கியது. பயந்துபோய் விரலை எடுத்தேன். அதற்குள் அழைப்பு போய்விட்டது.

அன்றைக்கு அக்காவோடு பேசி முடித்ததும் எனக்குத் தூக்கம் கொள்ளவில்லை. பஞ்சை ஒதுக்கி வைத்துவிட்டு, காய்ந்த விரலாலேயே தொட்டேன். டிக். அழைப்பு போவதற்குள் நிறுத்தினேன். வேண்டுமென்றே அழுத்திப் பிடித்தேன். நடுங்கவில்லை. இன்னும் பிடித்தேன். குறியும் முளைக்கவில்லை. விரலை எடுத்ததும் ஒழுங்காக அழைப்புதான் போனது. நிறுத்திவிட்டு, எனக்கே உரிய பிடிவாதத்தோடு தேடிப் போய், படத்தை எடுக்கும் இடத்தைக் கண்டுபிடித்து, அக்காவை எடுத்தேன். முகப்பின் அடியில் ஒரு பட்டை வந்து நின்றது. ‘எடுத்துவிட்டீர்கள். திரும்ப வைக்கவா?’ என்று எழுதியிருந்தது. அவசரப்பட்டு மறையவும் இல்லை, பொறுமையாக நின்றது. அதைத் தொட்டேன். அக்கா தன் இடத்துக்கு வந்துவிட்டாள். யாரும் என் கையிலிருந்து ஃபோனைப் பிடுங்கவில்லை. நான் அந்த ஃபோனைக் கும்பிட்டேன், வீட்டுக்காரர் வேலைக்குப் போயிருந்ததால் கேலி செய்ய ஆளில்லை.

இதோடு முடிந்திருந்தாலே நான் அவளுக்கு ஆயுசுக்கும் நன்றி சொல்லியிருப்பேன்.

அடுத்த வாரம் ஒரு சாயங்காலம். வீட்டுக்கு வந்து ஒரு செருப்பைக் கழற்றியிருந்தேன், மற்றது காலில் இருந்தது. ஃபோன் அடித்தது. எடுத்துப் பார்த்தால் அக்காவின் படம். பச்சை வட்டத்தை அழுத்தினேன். இப்போது அழுத்தினாலும் எடுக்கிறது. திரையில் ஒரு நெற்றியும் பாதிக் கண்ணும் தெரிந்தன. ஃபோனைச் சரியாகப் பிடி என்று அக்கா மகளிடம் சொன்னேன். பதில் இல்லை. மறுபடி கூப்பிட்டேன். நெற்றி கொஞ்சம் ஆடி, முழு முகமும் தெரிந்தது. அக்கா. பக்கத்தில் யாரும் இல்லை. பின்னால் எங்கோ பாத்திரம் கழுவும் சத்தம்.

அந்த நேரத்தில் எனக்கு விளங்கவில்லை. விளங்கியதும் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அக்காவே கூப்பிட்டிருக்கிறாள். பாத்திரம் கழுவிவிட்டு வந்த அக்கா மகள் பார்த்துவிட்டு அங்கேயே நின்றுவிட்டாள். அவள் ஃபோனை சார்ஜ் போடக் கட்டிலோரம் வைத்திருக்கிறாள், அவ்வளவுதான். அம்மா இடது விரலை வைத்திருக்கிறாள். எடுக்க நேரமாகியிருக்கிறது. ஃபோன் காத்திருந்திருக்கிறது.

எனக்காக மாற்றியது, என்னைவிட என் அக்காவுக்கல்லவா வேண்டியிருந்தது. அக்கா வாயைத் திறக்கப் பார்த்தாள். வார்த்தை வரவில்லை. அவள் என்ன கேட்கிறாள் என்று எனக்குத் தெரியும்.

"இன்னும் சாப்பிடலக்கா" என்றேன். "இப்பதானே வந்தேன்." எரிந்து விழத்தான் பார்த்தேன். அழுகைதான் வந்தது.

அந்த வாரம் அந்தப் பெண் துணி வாங்க வந்தபோது, பின்பக்கத்திலிருந்து நானே சட்டைகளை எடுத்துக்கொண்டு கவுண்டருக்கு ஓடினேன். ஃபோனைத் திறந்து, வந்த அழைப்புகளைக் காட்டினேன். அக்கா, அக்கா, அக்கா என்று வரிசையாக இருந்தது. அவளுக்கு முதலில் புரியவில்லை. அவளே கூப்பிடுகிறாள், தன் கையால், தினமும் என்றேன். அவள் கை ஃபோனை வாங்க முன்னால் வந்தது. பாதியில் நின்றது. பழக்க தோஷம், இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

அவள் கையை இழுத்து, என் ஃபோனை அதில் நானே வைத்தேன். "உன் கையால பிடிச்சுப் பாரும்மா" என்றேன். "உனக்கு நான் என்னத்தைத் திருப்பிச் செய்வேன்?"

அவள் அந்த வரிசையைக் கீழிருந்து மேலாகப் படித்தாள். மூக்கை உறிஞ்சினாள். அப்போது பார்த்து ஃபோன் அவள் கையிலேயே அடித்தது. அவள் பதறி, நீங்களே எடுங்கள் என்று நீட்டினாள். எடுத்தேன். அக்காவின் முகம் வந்தது. ஃபோனைத் திருப்பி அந்தப் பெண்ணைக் காட்டி, இவள்தான் அக்கா, நான் சொன்னேனே, இவள்தான் என்றேன்.

அக்கா அவளைப் பார்த்தாள். நன்றாகப் பார்த்தாள். உதடு அசைந்தது, அடங்கியது. பிறகு இடது கையை மெல்லத் தூக்கி, அவள் கன்னத்தைத் தொடுவதற்கு என்று திரையில் உள்ளங்கையை வைத்தாள். கை சிவப்பு வட்டத்தில் பட்டிருக்க வேண்டும், அழைப்பு அறுந்துபோனது.

நாங்கள் இரண்டு பேரும் அணைந்த திரையைப் பார்த்துக்கொண்டு நின்றோம். அந்தப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டு, கவுண்டரில் கிடந்த பேனாவைத் தேடி எடுத்தாள்.

"இது வேற தப்பு" என்றாள். "இதையும் சொல்லணும்."

அவள் சொல்லி முடிப்பதற்குள் ஃபோன் மறுபடி அடித்தது. அக்காதான்.